பட்டிப்பொலப் பனிக்கு ஒரு கணக்கு

கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திற் பிரயாணஞ் செய்தவர்கள் பட்டிப்பொல நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இந்நிலையமே இலங்கையின் புகையிரத நிலையங்கள் யாவற்றினும் உயரமானது. இதனைக் கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்துட் புகுந்து ஒஹியாப் பக்கமாக வெளிப்படும். சுரங்கத்தின் இப்புறத்திற் பனியும் தூறலுமாக இருக்கையில் அப்புறத்தில் வெயில் காய்வதைக் கண்டு வியந்த பிரயாணிகள் பலர். வெயிலை விட்டுவிடுவோம். நாம் பேசப் புகுவது பனியைப் பற்றி.

அண்மையில் ஒரு மாலைப் பொழுது அந்நிலையத்தின் மேடையில் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எதிரேயிருந்த மரங்கள் முதலிற் சாம்பல் நிறமாகி, பின்னர் வெறுங் கோடுகளாகி, ஈற்றில் இல்லாமலே போயின. நிலையத்து விளக்கைச் சுற்றி மாத்திரம் வெண்ணிறமான ஓர் ஒளிப்பந்து தொங்கிற்று. என்னுடன் வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவன் இவற்றுள் எதனையும் பாராமல் கைத்தொலைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அங்கேயும் பனி! ஆளற்ற ஒரு தெரு, வரிசையாக விளக்குகள், ஒவ்வொரு விளக்கையுஞ் சுற்றி அதே ஒளிப்பந்து.

"சேர், இந்தப் பனியை எப்படி வரைகிறார்கள்?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன்பே இரண்டாவது கேள்வியும் வந்துவிட்டது. "பனியை வரையத் தெரிந்த மெஷினுக்குப் பனிக்குள்ளே பார்க்கவும் தெரியுமா?"

அவனுடைய தந்தையார் மரக்கறி லொறி ஓட்டுபவர். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் மலையிறங்குவது அவர் தொழில். ஆகவே அந்த இரண்டாவது கேள்வி விளையாட்டுப் பிள்ளையின் கேள்வியன்று. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், வண்டி வந்துவிட்டது. அன்று பட்ட கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

கூட்டு வட்டியும் தபாலட்டையும்

மூடுபனி என்பது தரையிற் படிந்த முகிலேயாகும். பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு முகில். பட்டிப்பொலவில் நிற்பவனுக்குப் பனி. ஆயிரம் மீற்றருக்குள் பார்வை அடங்கிவிட்டால்தான் வானிலை ஆய்வாளர் அதனை மூடுபனி என்பர். மலைநாட்டில் நாம் அறிந்த பனியோ நூறு மீற்றருக்குள்ளேயே கண்ணைக் கட்டிவிடக் கூடியது.

இத்தனை பெரிய திரைக்கு எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு கன மீற்றர் வளியில் 0.1 கிராம் நீர் போதும். அந்நீர் ஒரே துளியாகத் திரண்டிருந்தால் அதன் விட்டம் ஆறு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நம் பார்வைக்கு அதனால் யாதொரு இடையூறும் இல்லை. அதே நீர், மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு விட்டமுள்ள துளிகளாகப் பிரியட்டும். ஏறக்குறைய 19 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் குறுக்குப் பரப்புகளையெல்லாம் கூட்டினால் 150 சதுர சென்றிமீற்றர். அதாவது ஒரு தபாலட்டையின் அளவு. இத்தகைய துளி தன் பரப்பைப்போல் இரு மடங்கு ஒளியை நேர்வழியிலிருந்து விலக்குகிறது என்பது அலையொளியியலின் விந்தைகளுள் ஒன்று. எனவே ஒரு மீற்றர் தூரத்தைக் கடப்பதற்குள் ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்கு வழி தவறிவிடுகிறது.

நூற்றுக்கு மூன்று அற்பந்தானே என்று கூட்டு வட்டியின் கொடுமையை அறிந்தவர் எவரும் சொல்லார். அடுத்த மீற்றரில் எஞ்சியதில் மூன்று சதவீதம், அதற்கடுத்ததில் மீண்டும் மூன்று என்று போய், நூறு மீற்றருக்கு அப்பால் மிஞ்சுவது ஐந்து சதவீதமே. இந்த ஐந்து சதவீத எல்லையையே வானிலை ஆய்வாளர் பார்வைத் தூரமாகக் கொள்கின்றனர். பாதித் தூரமான ஐம்பது மீற்றரில் எஞ்சுவது ஐம்பது சதவீதமோ என்று எண்ண வேண்டாம். 0.05 இன் வர்க்கமூலத்தைக் கண்டால் 22 சதவீதம் என விடை வரும். இரு நூறு மீற்றரில் நானூற்றில் ஒரு பங்கு. பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1729 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே இந்த விதியின் அடிப்படை உண்டு.

ஆனால் இது பாதிக் கதைதான். ஒளி குறைவது மாத்திரம் பனியின் தொழிலாயின் தூரத்து மரங்கள் கறுத்து மறைய வேண்டும். அவை வெளுத்தல்லவா மறைகின்றன! காரணம், துளிகள் ஒளியை உண்பதில்லை, திசை திருப்புகின்றன. மரத்திலிருந்து என் கண்ணுக்கு வரவேண்டிய ஒளி வழியில் வேறெங்கோ போகிறது. வேறெங்கோ போகவேண்டிய வானத்து ஒளி என் கண்ணுக்குத் திரும்புகிறது. இந்த வந்தேறி ஒளியை வளியொளி என்று சொல்லலாம். ஐம்பது மீற்றருக்கு அப்பால் உள்ள மரத்தைப் பார்க்கும்போது என் கண்ணில் விழுவது, மரத்தின் ஒளியில் 22 பங்கும் பனியின் வெண்மையில் 78 பங்கும் கலந்த கலவை. இதனை ஜெர்மானியரான கோஷ்மீடர் 1924 இல் சூத்திரமாக்கினார். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவே.

கணினிச் சித்திரக்காரர் முதலிற் பிடித்துக்கொண்டது இந்தச் சிறு சூத்திரத்தைத்தான். இதிலே அவர்களுக்கு வேறொரு இலாபமும் இருந்தது. 1999 இல் வெளிவந்த 'சைலன்ட் ஹில்' என்னும் ஜப்பானிய விளையாட்டில் ஊர் முழுவதும் பனி மூடிக்கிடக்கும். அந்நாளைய இயந்திரத்துக்குத் தூரத்துக் கட்டடங்களையெல்லாம் தீட்டும் வலுவில்லை. அந்த இயலாமையை மறைக்கப் பனி திரையாயிற்று. பார்த்தவர்களோ அச்சத்தை ஊட்டும் கலை நயம் என்று கொண்டாடினார்கள்!

மாமனும் மருமகனும் அல்ல, சிற்றப்பனும் மகனும்

விளக்கைச் சுற்றிய ஒளிப்பந்துக்கு இந்தச் சூத்திரம் உதவாது. பகலில் பனி எங்கும் ஒரே வெண்மை. இரவில் விளக்குக்கு அருகே வெண்மை, அப்பால் இருள். எந்தத் துளி எவ்வளவு ஒளியை எத்திசையில் எறிகிறது என்று தனித்தனியே கேட்டாக வேண்டும்.

ஒளிச் சிதறல் என்றவுடன் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வருபவர் சர் சி. வி. இராமன். 1888 இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், 1921 இல் கப்பற் பிரயாணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் வெறும் பிரதிபலிப்பன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்ட முற்பட்டார். 1928 இல் அவர் பெயரால் வழங்கும் விளைவு கண்டறியப்பட்டது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை யாவும் பாடப் புத்தகத்தில் உள்ளவை. ஆயினும் நமது பனிக் கணக்குக்கு அவரைவிட நெருங்கியவர் அவருடைய தமையனாரின் மகனாகிய சுப்பிரமணியன் சந்திரசேகர். (மாமனும் மருமகனும் என்று சிலர் எழுதிவிடுவது ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வந்த பிழை. நம் முறையில் இவர் சிற்றப்பன், அவர் மகன்.)

சந்திரசேகர் 1910 இல் லாகூரிலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று, பின்னர் சிக்காகோ சர்வகலாசாலையில் வாழ்நாளைக் கழித்தவர். விண்மீன்களின் முடிவைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே உலகம் அவரை அறியும். 1983 இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் 1950 இல் அவர் வெளியிட்ட 'கதிர்வீச்சுப் பரிமாற்றம்' என்ற நூல், விண்மீன்களின் வளிமண்டலத்தினூடும் கோள்களின் வளிமண்டலத்தினூடும் ஒளி எங்ஙனம் தட்டுத் தடுமாறி வெளியேறுகிறது என்பதைக் கணித்துக் கூறுவது.

அந்நூலின் மூலச் சமன்பாட்டைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் போல வாசிக்கலாம். ஒரு கற்றை ஒளி ஓரடி நகர்கிறது. செலவு என்ன? துளிகள் விழுங்கியதும் வழிவிலக்கியதும். வரவு என்ன? வேறு திசைகளிற் சென்ற கற்றைகளிலிருந்து இத்திசைக்குத் திரும்பியவை. கேட்பதற்கு எளிது. தொல்லை எங்கேயெனில், ஒரு கற்றையின் வரவு ஏனைய கற்றைகள் எல்லாவற்றையும் பொறுத்தது. அவற்றின் வரவோ இதனையும் பொறுத்தது. ஊரிலுள்ள எல்லாரும் எல்லாரிடமும் கடன் வாங்கியிருக்கும்போது ஒருவனுடைய ஆஸ்தியை மதிப்பிடுவது போன்ற வேலை இது.

விண்மீனுக்கு எழுதிய கணக்கு சித்திரத்துக்கு வந்தது 1982 இல். சனிக் கோளை நோக்கிச் சென்ற வொயேஜர் விண்கலத்தின் பயணத்தைப் படமாக்கிய ஜேம்ஸ் பிளின் என்னும் அமெரிக்கர், சனியின் வளையங்கள் துகட் கூட்டமாதலால் அவற்றைக் கல்லையும் சுவரையும் போலத் தீட்ட முடியாது என்று கண்டு, சந்திரசேகரின் நூலை நாடினார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் கஜியாவும் வொன் ஹெர்சனும் அச்சமன்பாட்டையே முகில் தீட்டும் முறையாக அமைத்தனர். அன்று தொட்டு இன்றுவரை திரைப்படத்திற் கிளம்பும் புகை, வெடிக்கும் எரிமலை, விளையாட்டில் தவழும் பனி எதுவாயினும் அதன் வேர் அந்நூலிலேதான்.

பால் கலந்த நீர்

இங்கே வீட்டிற் செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனை. கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, இரண்டொரு துளி பால் விட்டுக் கலக்குங்கள். இருட்டறையில் டோர்ச் விளக்கை ஒரு புறமிருந்து பிடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நீர் இலேசான நீலமாகவும், விளக்குக்கு நேரெதிரே நின்று பார்த்தால் மஞ்சள் கலந்த செம்மையாகவும் தோன்றும். பாலிலுள்ள நுண்ணிய துணிக்கைகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்வதால் வந்த வேறுபாடு இது. விறகடுப்பின் மெல்லிய புகை கரிய சுவருக்கு முன்னே நீலமாகத் தெரிவதும் அதனாலேயே. பனித்துளியோ ஒளியின் அலைநீளத்தைப்போல் இருபது மடங்கு பெரியது. அதற்கு நீலமும் ஒன்று, சிவப்பும் ஒன்று. ஆகவே பனி வெண்மை.

இன்னும் பாலை விட்டுக்கொண்டே போனால் நிறங்கள் மறைந்து யாவும் வெண்மையாகிவிடும். முதலில் ஒளி ஒருமுறை மாத்திரம் மோதி வெளியேறிற்று; இப்போது ஆயிரமுறை மோதுகிறது. 2006 இல் ஸ்ரீனிவாச நரசிம்மனும் அவர்தம் கூட்டாளிகளும் இதே உபாயத்தைக் கையாண்டனர். பால் முதலிய பல பானங்களைத் தண்ணீரில் ஐதாக்கி, ஒருபடிச் சிதறல் மாத்திரம் நிகழும் நிலையில் அளந்து, அதிலிருந்து திண்ணிய பானத்தின் தோற்றத்தைக் கணித்துத் தீட்டினர். சமையலறையில் நோபல் பரிசு கிடைக்காவிட்டாலும் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை கிடைக்கும் போலும்!

இந்தப் பரிசோதனையிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று. கரி கலந்த புகை ஒளியை விழுங்கிவிடும். இரண்டு மூன்று மோதலுக்குள் அதன் கதை முடிந்துவிடும். எனவே லயத்துக் கூரையில் எழும் அடுப்புப் புகையைத் தீட்டும்போது முதல் மோதலை மாத்திரம் கணக்கிட்டாலும் பெரும் பிழை நேராது. பனித்துளி எதனையும் விழுங்குவதில்லை. ஒளி அதனுள் மோதி மோதி அலைந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மங்கலாயினும் கணினிக்குப் புகை இலகு, பனி கடினம்.

இலட்சங் கோடியிலிருந்து இலட்சத்துக்கு

எவ்வளவு கடினம் என்று பெருக்கிப் பார்ப்போம். சாதாரணத் திரையொன்றில் 1,920 ஐ 1,080 ஆற் பெருக்கிய தொகைக்குப் புள்ளிகள் உண்டு. இருபது இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் பனிக்குள் ஒரு பார்வைக் கோடு செல்கிறது. அக்கோட்டில் நூறு இடங்களில் நின்று, இங்கே விளக்கொளி எவ்வளவு என்று கேட்கவேண்டும். விளக்கிலிருந்து அவ்விடத்துக்கு ஒளி வருவதும் பனியினூடாகவே ஆதலால் அதற்கும் நூறு படிகள். படம் அசைய வேண்டுமானால் வினாடிக்கு அறுபது சித்திரங்கள். ஒரே விளக்கு, ஒரே மோதல் என்று கொண்டாலும் வினாடிக்கு 1.24 இலட்சங் கோடி கணக்குகள். மாணவனின் கைத்தொலைபேசி உள்ளங்கையைச் சுட்டுவிடும்.

ஆகவே எதனைக் கணக்கிடாமல் விடலாம் என்று அறிவதே இக்கலையின் உயிர்.

2005 இல் கொலம்பியா சர்வகலாசாலையைச் சார்ந்த போ சன், ரவி ராமமூர்த்தி, ஸ்ரீ நாயர் ஆகியோர் நரசிம்மனுடன் சேர்ந்து ஒரு வழி கண்டனர். பனி எங்கும் ஒரே சீரானது, ஒளி ஒருமுறையே மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், பார்வைக் கோட்டின் மீதுள்ள நூறு படிகளையும் கூட்டும் தொகையீட்டை, இரண்டே மாறிகளைக் கொண்ட ஒரு சார்பாகச் சுருக்கலாம் என்று காட்டினர். இரண்டு மாறிகள் என்றால் அட்டவணை போட்டுவிடலாம் அல்லவா? ஒருமுறை அட்டவணை தயாராகிவிட்டால் அப்பால் கணக்கே இல்லை, எடுத்துப் பார்ப்பதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு மடக்கை அட்டவணையைப் புரட்டிய கைகளுக்கு இதன் அருமை புரியும். நீண்ட பெருக்கலை யாரோ முன்பே நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மைப் பனி சீரானதன்று. தேயிலைச் சரிவில் திட்டுத் திட்டாகத் தவழ்வது. அதற்கு வேறொரு உபாயத்தை 2014 இல் வ்ரொன்ஸ்கி என்பவர் விளக்கினார். 'அசாசின்ஸ் கிரீட்' என்னும் விளையாட்டு வரிசையின் நான்காம் பாகத்திற் கையாளப்பட்டது அது. கண்ணுக்கு முன்னுள்ள வெளியை 160 க்கு 90 க்கு 64 என்ற அளவிற் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு பனி, எவ்வளவு ஒளி என்று ஒரேமுறை கணித்துவிடுவது. பின்னர் கண்ணிலிருந்து வெளிநோக்கி வரிசையாகக் கூட்டிக்கொண்டு செல்வது. மொத்தப் பெட்டிகள் ஒன்பது இலட்சத்துச் சொச்சமே. திரையின் 144 புள்ளிகளுக்கு ஒரு பெட்டி வரிசை போதுமா என்று ஐயுறலாம். போதும், ஏனெனில் பனிக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. மங்கலான பொருளை மங்கலாகவே கணக்கிட்டதில் என்ன நட்டம்?

திரைப்படக்காரருக்கு அவசரமில்லை. ஒரு சித்திரத்துக்கு மணிக்கணக்கிற் செலவிட அவர்களால் முடியும். அவர்கள் விரும்புவது சூதாட்டம். ஒளித்துணிக்கை ஒன்றைப் பனிக்குள் அனுப்பி, அது எங்கே மோதும், எத்திசையில் திரும்பும் என்பதை நிகழ்தகவின்படி தாயம் உருட்டித் தீர்மானிப்பார்கள். இலட்சக்கணக்கான துணிக்கைகளின் சராசரியே சித்திரம். திட்டுத் திட்டான பனியில் எங்கே மோதும் என்று கண்டுபிடிப்பது எங்ஙனம்? இதற்கான தந்திரம் அணு உலையிலிருந்து வந்தது. 1965 இல் வுட்கொக் என்பவரும் தோழர்களும் நியூத்திரன்களுக்காக வகுத்த முறை அது. பனி ஐதாக உள்ள இடங்களையெல்லாம் பொய்த் துளிகளால் நிரப்பி, எங்கும் ஒரே அடர்த்தி என்று பாவனை செய்துகொள்வார்கள். இப்போது மோதும் தூரத்தைக் கணிப்பது எளிது. மோதிய இடத்தில் மறுபடி ஒரு தாயம்: மோதியது மெய்த் துளியா, பொய்த் துளியா? பொய்யாயின் ஒன்றும் நடவாதது போல் நேரே போகலாம். பொய்யைச் சேர்த்தும் விடை மெய்யாகவே வருவது இதன் அழகு. இந்தப் பகுதியை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவரைவிட எனக்கே உற்சாகம் அதிகம்.

விட்டது எது?

முதற் கேள்விக்கு இவ்வளவு. இனி இரண்டாவதற்கு வருவோம்.

விளையாட்டிற் பல மோதல்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பனி சற்று இருண்டு, நிழல்கள் சற்றுக் கூராகத் தெரியும். பட்டிப்பொலவின் திண்ணிய பனியில் நிழலே விழாது என்பதை அறிந்த நம்மவருக்கு அது பொய்யென்று தெரியும். ஏனையோர் அழகென்று இரசிப்பார்கள். கேடு ஒன்றுமில்லை. ஆனால் வரைந்த பனியைப் பார்த்து ஓர் இயந்திரமே வாகனம் ஓட்டப் பழகுவதாயிருந்தால்?

இது கற்பனையன்று. தாமாக ஓடும் வாகனங்களுக்குத் தெருவை அடையாளங் காணக் கற்பிப்பதற்குப் பனிக்காலப் படங்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆகவே 2018 இல் சூரிச் நகரத்து ஆய்வாளர்கள், தெளிந்த நாட்களில் எடுத்த தெருப் படங்களின்மேல் கணக்கினாற் பனியைத் தீட்டி, 600, 300, 150 மீற்றர் பார்வைத் தூரங்களுக்கு உரிய படத் தொகுதிகளை உருவாக்கினர். அவர்கள் கையாண்டதும் நாம் முதலிற் கண்ட அந்தப் பெருக்கலும் கூட்டலுமேயான சூத்திரமே. அது பயனளித்தது, அத்தகைய படங்களிற் பயின்ற இயந்திரம் உண்மைப் பனியிலும் முன்னையினும் நன்றாகப் பொருள்களை இனங்கண்டது. ஆனால் அது பகற்பனி. ஒரே சீரான பனி. நள்ளிரவில் எதிரே வரும் விளக்கின் ஒளிப்பந்தும், வளைவிலே திடீரென்று கட்டியாக வந்து மோதும் பனியும் அந்தப் பாடத்தில் இல்லை. கணக்கில் விட்டதை இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளாது. ஆகவே இரவுத் தெருவுக்குப் பனி வரைபவர் எதனை விட்டோம் என்பதைத் தெருவில் இறங்குமுன்னரே கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார். எனக்கு இதுவே இவ்விஷயத்தில் முக்கியமாகத் தோன்றுகிறது.

கணக்கைத் திருப்பி நடத்திப் பனியை நீக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஒரே காட்சியை வெவ்வேறு அளவு பனியில் எடுத்த இரண்டு படங்கள் கிடைத்தால், எப்பொருள் எவ்வளவு வெளுத்தது என்பதிலிருந்து அதன் தூரத்தைக் கணித்து, வளியொளியைக் கழித்துவிடலாம் என்று நரசிம்மனும் நாயரும் 2003 இல் எழுதினர். ஒரே படத்தாற் செய்யும் வழியை 2009 இல் கைமிங் ஹீ என்ற சீன ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டனர். தெளிந்த வெளிக்காட்சியில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றாவது அங்கே எங்கேனும் மிகவும் கறுத்திருக்கும் என்பதை அவர்கள் அவதானித்தனர். தேயிலைச் செடியைப் பாருங்கள். பச்சை உண்டு, நீலம் இல்லையென்றே சொல்லலாம். அந்த நீலத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது செடியினதன்று, பனியினது. அதனை அளந்து கழித்தால் செடி மீளும்.

வாராத ஒளியை எவராலும் மீட்க இயலாது. நூறு மீற்றர்ப் பனியில், இரு நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள பொருளிலிருந்து வருவது நானூற்றில் ஒரு பங்கென்று கண்டோம். வளியொளியின் வெள்ளத்தில் அப்பங்கு படக்கருவியின் சொந்தக் குறைகளுக்குள்ளேயே மூழ்கிவிடும்.

வாகனத்தின் சொந்த விளக்கோ இன்னுமொரு தொல்லை. பனித்துளி ஒளியிற் பெரும்பகுதியை முன்னோக்கியே எறியும். பின்னோக்கித் திரும்புவது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம், கண்ணுக்கு மிக அருகே, விளக்கு உக்கிரமாயிருக்கும் இடத்திலிருந்து வருகிறது. பெரிய விளக்கை உயர்த்திப் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழுவது அதனாலேதான். தாழ்த்திப் போட்டால் ஒளியின் பாதை பார்வைக் கோட்டுக்குக் கீழே செல்லும். அருகிலுள்ள துளிகளில் ஒளி படுவது குறையும். பனி விளக்குகளை வண்டியின் அடியிற் பொருத்துவதும் இக்காரணம் பற்றியே. மழைத்துளிக்கு இன்னும் சாமர்த்தியமான வழியொன்றைக் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் நரசிம்மன் குழுவினர் 2012 இற் காட்டினர். விழும் துளிகளைப் படக்கருவி கண்டறிய, அவற்றின்மேற் படும் கதிர்களை மாத்திரம் விளக்கு அணைத்துவிடும். கன மீற்றருக்கு 19 கோடி என்னும் பனியிடம் அந்த வித்தை பலிக்காது.

சில தினங்களின் பின் அம்மாணவனின் தந்தையாரைச் சந்தித்தேன். மகன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சிரித்தார்.

"பனியிலே எதிர்வண்டியைப் பார்க்கிறதுக்கு நமக்கும் ஒரு கணக்கு இருக்கு, சேர். வெளிச்சத்துக்கு நடுவிலே லைட்டு புள்ளியாத் தெரிஞ்சா வண்டி கிட்ட வந்துட்டுது. புள்ளி இல்லாம வெறும் வெளிச்சம் மட்டும் புகை மாதிரி நின்னா இன்னும் தூரம். அந்த நேரத்திலே ஓரம் கட்டிடுவேன்."

நான் வியந்துபோனேன். நேரே வந்த ஒளிக்கும் பலமுறை மோதி வந்த ஒளிக்கும் உள்ள விகிதத்தை அல்லவா அவர் அளந்துகொண்டிருக்கிறார்! விளக்கைச் சுற்றிய ஒளிப்பந்தின் வடிவத்தைச் சந்திரசேகர் வழிவந்த சமன்பாட்டினாற் கணித்து, அதிலிருந்து பனியின் தன்மையையும் பார்வைத் தூரத்தையும் அறியலாம் என்று நரசிம்மனும் நாயரும் 2003 இலேயே மற்றொரு கட்டுரையிற் காட்டியுள்ளனர். பல மோதல்களை விடாமற் சேர்த்த கணக்கு அது.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் மாணவன் குறுக்கிட்டான். "அப்படியானால் சேர், பட்டிப்பொல ஸ்டேஷன் லைட்டை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலிருந்து போட்டோ எடுத்தால், அன்றைக்குப் பனி எத்தனை மீற்றர் என்று நாங்களே கணக்குப் பார்க்கலாம்தானே?"

பார்க்கலாம். வருகிற வாரம் தொடங்குவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.